மாட்டு வண்டிக்கு வைத்த பொட்டு

எனக்கு ஒரு கை வியாதி உண்டு. புதிதாக எது வந்தாலும் அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைக்காமல் என் மோதிர விரல் அடங்காது. கார், வாஷிங் மெஷின், புல்லு வெட்டும் மெஷின் எல்லாம் எங்கள் வீட்டில் பொட்டோடுதான் வேலையைத் தொடங்கின. (ஏர் பிரையருக்கு வைத்தது முதல் நாளே கருகிவிட்டது.)

இந்த வியாதியோடுதான் மெல்பேர்ணில் ஒரு மியூசியத்தில் ஆறு மாத வேலைக்குச் சேர்ந்தேன். வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில் இந்த நகரில் ஒரு சர்வதேசக் கண்காட்சி நடந்ததாம். ஒவ்வொரு குடியேற்ற நாடும் தன் சரக்குகளைக் கப்பலில் அனுப்பி, ஆளுக்கொரு மூலையில் கடை பரப்பியிருந்தது. அந்த மூலைகளைத் திரும்ப அமைத்துக் காட்டுவது எங்கள் திட்டம். இலங்கை மூலையை என்னிடம் தந்தார்கள். எனக்கிருந்த ஒரே தகுதி, யாழ்ப்பாணத்தில் பிறந்தது. (ஏழு வயதில் விமானம் ஏறியதை அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.)

பழைய பட்டியலைப் படிக்கப் படிக்க ஆவல் தாங்கவில்லை. கோப்பிக்கொட்டை, கறுவாப்பட்டை, தென்னந்தும்புக் கயிறு, ஆமையோட்டுச் சீப்பு. எங்களைப் பற்றி உலகத்துக்குக் காட்ட யாரோ ஒரு துரை உட்கார்ந்து யோசித்துப் பொறுக்கியவை. அம்மியை ஏன் விட்டான் என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். (பாரமாக இருந்திருக்கும்.) ஒவ்வொன்றுக்கும் நேரே அனுப்பிய துரையின் பெயர் இருந்தது. செய்தவரின் பெயர் எதற்கும் இல்லை.

அத்தனையிலும் எங்களிடம் மிஞ்சியிருந்தது ஒன்றே ஒன்று: முழ நீளத்தில், மரத்தில் செய்த மாட்டு வண்டி. அதைத் தொடுவதற்கு வெள்ளைக் கையுறை போட வேண்டும். "திறப்பு விழா நன்றாக நடந்தால் உங்கள் வேலை நிரந்தரம்" என்று என் மேலதிகாரி மார்கரெட் சொல்லியிருந்தார். எனக்கு அந்த வேலை உயிராகிவிட்டிருந்தது.

விழா ஒரு வெள்ளிக்கிழமை. கோயிலுக்குப் போய்விட்டு எல்லோருக்கும் முன்னரே போய்ச் சேர்ந்தேன். கண்ணாடி மூடி போடாமல் வண்டி மேசையில் நின்றது. என் கைப்பையில் கோயில் சந்தனம் ஈரம் காயாமல் இருந்தது. சக்கரம் உள்ள பொருள், புது இடம், வெள்ளிக்கிழமை. வேறென்ன வேண்டும்? கையுறையோடு வைத்தால் சாமி ஏற்காது என்று அதைக் கழற்றிவிட்டு, நுகத்தடியில் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமமும் வைத்தேன். (சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைக்கவில்லை. அந்தளவு புத்தி இருந்தது. பழமும் இருக்கவில்லை.)

கும்பிட்டுக் கண்ணைத் திறந்தபோதுதான் எங்கே நிற்கிறேன் என்பது உறைத்தது. துடைப்பதற்குள் மார்கரெட் வந்துவிட்டார். குனிந்தார். பூதக்கண்ணாடியை எடுத்தார்.

"சுகந்தி, இதை எப்படிக் கவனிக்காமல் விட்டோம்? புது விளக்கு வெளிச்சத்தில் எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது! இந்தக் குறிக்கு என்ன அர்த்தம்?"

"புது வண்டிக்கு எங்கள் ஆட்கள் இப்படி வைப்பார்கள்" என்றேன். பொய் இல்லையே. யார் வைத்தது, எப்போது வைத்தது என்பதை மட்டும் விழுங்கிவிட்டேன்.

மார்கரெட்டுக்குக் கண் கலங்கிவிட்டது. வண்டியைச் செய்த தச்சர் கப்பலேற்றும் முன் வாழ்த்தி வைத்த குறி என்று அவரே முடிவுகட்டி, புது விளக்க அட்டை அடித்து ஒட்டி, இயக்குநரின் பேச்சிலும் சேர்த்துவிட்டார். மியூசியத்தில் யாரும் எதையும் தொடமாட்டார்கள் என்ற ஒரே நம்பிக்கையில் நான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன்.

மாலையில் விருந்தினர்கள் வந்தார்கள். என் கணவர் குமரனும் வந்தார். படம் எடுப்பதற்காக வண்டிக்கு இன்னும் மூடி போடவில்லை. இயக்குநர் தச்சரைப் பற்றி உருக்கமாகப் பேசிக்கொண்டிருந்தார்.

"இஞ்சேரும், உந்தப் பொட்டு ஆர் வச்சது?" என்று குமரன் என் காதுக்குள் கேட்டார்.

"தச்சர். பேசாமல் நில்லுங்கோ."

"எங்கட காருக்கு வச்ச மாதிரியே கிடக்கு."

"நில்லுங்கோ எண்டுறன்!"

நிற்கத்தான் நின்றார். ஆனால் எங்கள் வீட்டில் கை வியாதி எனக்கு மட்டும் இல்லை என்பதை மறந்துவிட்டேன். சந்தனத்தைக் கண்ட அவர் விரல் தானாக நீண்டது, தொட்டது, நேரே நெற்றிக்குப் போனது.

இயக்குநர் பேச்சை நிறுத்தினார். நூறு வருடத்துக்கும் மேலாகக் காயாத குங்குமம் என் புருஷனின் நெற்றியில் பளிச்சென்று இருந்தது. மார்கரெட் அவர் நெற்றியைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். பிறகு மெதுவாக என் நெற்றியைப் பார்த்தார்.

"நான்தான் வைத்தேன்" என்றேன். அத்தனை பேருக்கும் முன்னால் அழுதும் விட்டேன்.

அந்த வேலை எனக்குக் கிடைக்கவில்லை. கறையும் முழுதாகப் போகவில்லை. அங்கே நான் கடைசியாகச் செய்தது, அந்தச் சேதத்தை வண்டியின் கோப்பில் பதிந்தது. அனுப்பியவர் என்ற இடத்தில் துரையின் பெயர் இருந்தது. செய்தவர் என்ற இடத்தில், தெரியாது. அதற்குக் கீழே, கறை வைத்தவர் என்று என் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் எழுத்தைச் சற்றுப் பெரிதாகவே எழுதினேன்.

போன மாதம் எங்கள் வீட்டுக்கு டிஷ்வொஷர் வந்தது. நான் சந்தனக் கிண்ணத்தை எடுத்ததும் மகள், "அம்மா, கிளவ்ஸ்!" என்று கத்தினாள். குமரன், மெஷினைப் பொருத்த வந்த பெடியனிடமும் விடாமல் முழுக்கதையையும் சொன்னார். எப்போதும் முடிக்கிற மாதிரியே முடித்தார்: "எங்கட ஆக்களில அந்த வண்டியில பேர் போட்டது இவ ஒராள்தான் தம்பி."