மாடி மிலேகா

எனக்கு இந்தி தெரியாது என்பது எனக்கே தெரியாமல் இருந்ததுதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

படித்ததெல்லாம் தூத்துக்குடியில், சித்தி வீட்டில். போர்ட் பிளேருக்கு அப்பாவிடம் வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. சந்தையில் சூரை மீன் கேட்டுச் சூரையே வாங்கி வந்துவிட்ட தைரியத்தில் (விரலால் காட்டித்தான் கேட்டேன்), வேலை விண்ணப்பத்தில் "இந்தி: சரளம்" என்று எழுதினேன். வேலை கொடுத்தவர் ஒரு கட்டட முதலாளி; அண்ணாச்சி என்போம். என்னைவிடப் புதிதாக மெயின்லேண்டிலிருந்து வந்தவர். என் இந்தியைச் சோதிக்க அவருக்கு இந்தி தெரிந்திருக்க வேண்டுமே.

அவர் நான்கு மாடிக் குடியிருப்பு ஒன்று கட்டிக்கொண்டிருந்தார். ஐந்து வீட்டுக்கு ஒன்றைக் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு மலிவாக ஒதுக்க வேண்டும் என்பது அனுமதியில் இருந்த நிபந்தனை. எந்த வீடு என்று அதில் சொல்லவில்லை. அண்ணாச்சி பென்சிலை எடுத்து உச்சி மாடியை வட்டம் போட்டார். லிஃப்ட் கிடையாது. தரைத்தளம் சுற்றுலாக்காரர்களை நம்பிக் கடைகளுக்கு.

வீடு கிடைத்தவர்களின் பட்டியலில் அப்பாவும் இருந்தார். ஹேடோ துறைமுகத்தில் சரக்கு இறக்கியே இரண்டு முட்டியையும் தேய்த்தவர். ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். இதை விட்டால் எங்களுக்கு வேறு வீடு இல்லை.

"நாலு மாடிதான? காலைல ஏற ஆரம்பிச்சா சாயங்காலம் போய்ச் சேந்துரலாம்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

பட்டியலில் இருந்தவர்களைக் கூட்டி வைத்து இதை இந்தியில் அறிவிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அனுமதி கொடுத்த அலுவலகத்திலிருந்து அதிகாரி வந்திருந்தார், குறிப்பெடுக்க ஒரு குமாஸ்தா வந்திருந்தார். முன்வரிசையில் ஊன்றுகோலோடு ஒரு வங்காளி தாதா (பயப்பட வேண்டாம், அவர்களுக்குத் தாதா என்றால் அண்ணன்).

எழுந்து நின்றேன். மாடிக்கு இந்தியில் 'மஞ்சில்' என்று இப்போது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அன்று வரவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"ஆப் லோக் கோ மாடி மிலேகா." உங்களுக்கெல்லாம் மாடி கிடைக்கும் என்று சொன்னதாக நினைப்பு.

தாதா ஊன்றுகோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கைதட்டினார். "மாட்டி மிலேகா? பஹுத் அச்சா, பேட்டி." (ரொம்ப நல்லது, மகளே.) கூட்டமே கைதட்டியது. வங்காளத்தில் 'மாட்டி' என்றால் மண் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நம் ஆட்கள் வாயில் 'ட' கொஞ்சம் குழையும் என்று தீவுக்கே தெரியுமாதலால், அவர்களே திருத்திக் கேட்டுக்கொண்டார்கள். மண்ணோடு ஒட்டின வீடு, படியேற வேண்டாம்.

அதிகாரி என்னிடம், "பூதல், ஹை நா?" என்றார். பூதமா, ஓட்டலா என்று விளங்கவில்லை.

"என்னம்மா கேக்காரு?" என்றார் அண்ணாச்சி.

"சம்மதமான்னு கேக்காரு, அண்ணாச்சி."

"இம்புட்டுப் பேரு கைதட்டுதாங்க, இதுல என்ன கேள்வி? சரின்னு சொல்லு."

"ஹான் ஜி" என்றேன். குமாஸ்தா இந்தியில் எழுதினார். அண்ணாச்சி தமிழில் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் மேஸ்திரி அந்தத் தாளைப் படித்துக் காட்டினார். பூதல் என்றால் தரைத்தளமாம். அண்ணாச்சி அதிகாரியிடம் ஓடினார். கையெழுத்து உங்களுடையதுதானே என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"நீ இந்தி எங்க படிச்சே?" என்று என்னிடம் வந்து கேட்டார்.

"தூத்துக்குடியில, அண்ணாச்சி." (வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.) அன்றே வேலை போயிற்று.

வேண்டுமென்றே செய்தாயா என்று அப்பா கேட்டார். ஆமாம் என்று பெருமையடித்திருக்கலாம். எனக்கு அவ்வளவு மூளை கிடையாது என்பது அவருக்கே தெரியும்.

இப்போது அவர் தரைத்தள வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். கூரியர்காரர் போன் செய்தால், அப்பா "மாடி வீடு" என்றுதான் வழி சொல்வார். வருகிறவர் வங்காளியாக இருந்தால் நேரே எங்கள் வாசலுக்கு வந்துவிடுவார். தமிழராக இருந்தால் நான்காவது மாடி வரை ஏறித் தேடிவிட்டு, மூச்சு வாங்க இறங்கி வருவார். அப்பா அவருக்குத் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்து, இந்தக் கதையை முதலிலிருந்து ஆரம்பிப்பார்.