ஈரத் தட்டுக்கு இடமில்லை

போன வருடம் ஜூன் எட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பகல் பதினொரு மணிக்கு என் மாரீஸ்வரி மதினி செம்பூர் வீட்டை விட்டுப் பாண்டுப்புக்குத் தனிக்குடித்தனம் போனார். கூடவே என் அண்ணன் இசக்கிராஜும் போனான். அவனிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. நகைத் தகராறா? இல்லை. இடம் போதவில்லையா? மும்பையில் யாருக்குத்தான் இடம் போதுகிறது? எல்லாம் ஒரு சொட்டுத் தண்ணீரால். அந்தச் சொட்டு விழுந்த இடம், மதினியின் மாமியாரும் என் பெரியம்மாவுமான கனகவள்ளியின் பாத்திர ஸ்டாண்ட்.

ஆகவே, வாசகரே, ஸ்டாண்ட் காவலர் என்னும் இனத்தை இன்று உங்களுக்கு அறிமுகம் செய்கிறேன். புறாவைப் போல இந்த நகரம் முழுக்கப் பரவியிருக்கும் இனம் இது. அடையாளம் காண்பது எளிது. அடுப்படிச் சுவரில் நான்கு அடுக்கு எவர்சில்வர் ஸ்டாண்ட் மாட்டியிருக்கும். தட்டு செருகக் கம்பிகள், தம்ளர் கவிழ்க்க ஒரு தளம், கப் தொங்கக் கொக்கிகள், கரண்டிக்கு ஒரு டப்பா. கழுவிய பாத்திரத்தில் தண்ணீர் வடிவதற்காக மனிதர்கள் செய்துவைத்த பொருள். அதில் நீங்கள் ஒரு பாத்திரத்தைக் கழுவிக் கொண்டுபோய் வையுங்கள். குளியலறைக்குள்ளிருந்தாவது ஓர் அதட்டல் வந்தால், அவர்தான்.

எப்படித் தெரிகிறது அவருக்கு? தெரியும். ஈரத் தட்டு கம்பியில் உட்காரும் சத்தம் வேறு, உலர்ந்த தட்டு உட்காரும் சத்தம் வேறு.

நான் மூன்று வருடம் ஊர் சுற்றிவிட்டு வந்து, பெரியம்மா வீட்டில் தங்கியிருப்பவள். கையில் காசில்லாத நாட்களில் தங்கும் விடுதிகளில் தட்டு கழுவிக் கொடுத்து, பதிலுக்குப் படுக்கை வாங்கியிருக்கிறேன். எந்த நாட்டிலும் ஈரத் தட்டை ஸ்டாண்டில் வைத்ததற்காக யாரும் என்னை முறைத்ததில்லை. ஆனால், ஏற்கனவே விசா வாங்கியவருக்கே விசா தருகிற தூதரகங்களைப் பார்த்திருக்கிறேன். பெரியம்மாவின் சட்டமும் அதே ரகம்: உலர்த்தும் ஸ்டாண்டில் ஏற வேண்டுமானால் பாத்திரம் முதலில் உலர்ந்திருக்க வேண்டும். அதுவரை, கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் பழைய துண்டு விரித்த நீல பிளாஸ்டிக் கூடையில் காத்திருக்க வேண்டும். அன்றாடம் சாப்பிடும் தட்டுகள் அந்தக் கூடையிலேயே பிறந்து, வாழ்ந்து, நெளிந்து போகும். ஸ்டாண்டை அவை எட்டத்திலிருந்து பார்த்ததோடு சரி.

ஞாயிற்றுக்கிழமை ஸ்டாண்டுக்கு எண்ணெய்க் குளியல். எண்ணெய் என்றால் நிஜமாகவே எண்ணெய், திருகாணிகளுக்குத் தேங்காயெண்ணெய். அதற்கு முன் பாத்திரங்கள் எல்லாம் கட்டிலில் இறக்கப்பட்டு, ஸ்டாண்ட் சுவரிலிருந்து கழற்றப்பட்டு, கம்பியும் சட்டமும் சேரும் மூலைகள் பல் தேய்ப்பதிலிருந்து ஓய்வு பெற்ற பிரஷ்ஷால் குடையப்பட்டு, வெள்ளைக் கறைகளில் புளி பூசப்பட்டு, கால்மணி நேரம் ஊறி, அலசி, பழைய பனியனால் துடைத்து, ஜன்னல் கிரில்லில் வெயிலுக்குச் சாத்தப்பட்டு, அதிலிருந்து சொட்டும் புளித்தண்ணீர் கீழ்வீட்டு சஃப்ரீன் அக்கா காயப்போட்ட வெள்ளைத் துப்பட்டாவில் விழுந்து, அவர் இந்தியில் கூப்பிட, பெரியம்மா தமிழில் பதில் சொல்ல, ஞாயிறு முடியும். மழைக்காலத்தில் வெயிலுக்கு எங்கே போவது? டேபிள் ஃபேன் ஸ்டாண்டுக்குப் போகும். தாராவி மளிகைக் கடையில் ஆறு நாள் நின்றுவிட்டு வந்த தங்கசாமி பெரியப்பா செய்தித்தாளால் விசிறிக்கொள்வார். தண்ணீரைக்கூட அவர் பாட்டிலை அண்ணாந்துதான் குடிக்கிறார். தம்ளர் எடுத்தால் துடைத்து வைக்க வேண்டுமே.

இத்தனை காவல் எதற்கு? அங்கேதான் எங்கள் ஆட்களின் வழக்கம் ஒன்று இருக்கிறது. கல்யாணத்துக்குத் தரும் தட்டிலும் செம்பிலும் கொடுத்தவர் பேர் வெட்டித்தான் தருவோம். அந்தப் பேர்களெல்லாம் பெரியம்மாவின் ஸ்டாண்டில் நிற்கின்றன. யார் வீட்டுக்கு வருகிறார்களோ அவர்கள் பேர் வெட்டிய தட்டு அன்று காலையே முன்வரிசைக்கு வந்துவிடும். வந்தவர் காபி குடித்தபடி தற்செயலாக அடுப்படிப் பக்கம் பார்ப்பார். தன் பேரைப் பார்ப்பார். முகம் மலரும். ஒருமுறை பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு குடும்பங்கள் ஒரே நேரத்தில் வந்துவிட, காபி ஆற்றும் சாக்கில் பெரியம்மா மூன்று முறை தட்டுகளை இடம் மாற்றினார்.

மதினி போவதற்கு நான்கு நாள் முன்பு சுனாபட்டியிலிருந்து இசக்கிசெல்வி சித்தி வந்திருந்தார். அவர் பேர் முன்வரிசையில் பளபளத்தது. வேலையிலிருந்து அப்போதுதான் திரும்பிய மதினி, பலகாரம் வைத்துக் கொடுத்த தட்டைக் கழுவி, யோசனை இல்லாமல் மேலடுக்கில் செருகினார். ஒரு சொட்டு வடிந்தது. நேராகச் சித்தியின் பேரில் விழுந்து, அதன்மேல் நிதானமாக ஊர்ந்தது. நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ஒங்க வீட்டுல ஸ்டாண்டே கெடையாதோம்மா?" என்றார் பெரியம்மா.

மதினி கையைத் துடைத்துக்கொண்டார். "இருக்கு அத்த. எங்க வீட்டுல அதுல பாத்திரம் காயும்."

சித்தி சிரித்துவிட்டார். அதுதான் வினை. சொட்டைத் துடைத்துவிடலாம், விருந்தாளியின் சிரிப்பை எந்தப் பனியனால் துடைப்பது? மாமியார் மருமகள் பேச்சு அன்றோடு நின்றது. ஞாயிறன்று டெம்போ வந்தது. மதினி ஒரு குக்கரும் இரண்டு தட்டும் எடுத்துக்கொண்டார். ஸ்டாண்டிலிருந்து அல்ல, நீலக் கூடையிலிருந்து.

அதன்பின் அண்ணன் மாதம் ஒருமுறை தனியாக வந்தான். அவள் சௌக்கியமா என்று பெரியம்மா கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. காலியான அறையில் நான் படுத்துக்கொண்டேன். நான்கு பேர் சாப்பிட்ட இடத்தில், நான் ஊரில் இல்லாத நாட்களில், இரண்டே பேர் சாப்பிட்டார்கள். ஸ்டாண்ட் மட்டும் முன்னைவிட மின்னியது. கழுவ நேரம் நிறைய இருந்தது அல்லவா?

ஒரு ஞாயிறு, எல்லாம் மாட்டி முடித்தபின் முன்வரிசையைப் பார்த்தேன். 'பூலோகம் – பேராச்சி, சீத்தா கேம்ப்' என்று பேர் வெட்டிய தட்டு நின்றது. மதினியின் அப்பா அம்மா. அடுத்த ஞாயிறும் அதேதான். அதற்கடுத்த ஞாயிறும். பெரியப்பாதான் பொறுக்கமாட்டாமல் யார் வரப்போகிறார்கள் என்று கேட்டார்.

"யாரும் வரல. அது அங்கன இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் பெரியம்மா தட்டை இன்னொரு முறை துடைத்தார்.

பாவம், இப்படியும் ஒரு பிறவியா என்று சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் வீட்டு டிவி ரிமோட்டுக்கு மேல் பிளாஸ்டிக் உறை இன்னும் இருக்கிறதா? கண்ணாடி அலமாரியில் நிற்கும் அந்த ஆறு கோப்பைகளில் கடைசியாக டீ குடித்தது யார்? விருந்தாளிக்கென்று மடித்து வைத்த போர்வையில் எந்த விருந்தாளி படுத்தார்? இருக்கட்டும், உங்களைச் சொல்லவில்லை. நானே போன வாரம் என் தம்ளரை இரண்டு பக்கமும் துடைத்த பிறகுதான் ஸ்டாண்டில் கவிழ்த்தேன். யாரும் பார்த்துக்கொண்டுகூட இருக்கவில்லை. இது தொற்றுகிற வியாதி. ஒரே வீட்டில் சில காலம் இருந்தாலே போதும். பிறகு பாண்டுப் வரைக்கும் போனாலும் விடாது.

எப்படிச் சொல்கிறேன் என்றால், பதினொரு மாதம் கழித்து, இந்த மே மாதத்தில், பெரியம்மாவின் போனுக்கு மதினியிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. பெரியம்மா அதை மூன்று முறை போட்டுக் கேட்டார், மூன்றாம் முறை ஸ்டாண்டுக்கு முன்னால் நின்றுகொண்டு:

"அத்த, நல்லாருக்கியளா? நானும் இங்க ஒரு ஸ்டாண்டு மாட்டிருக்கேன். ஞாயித்துக்கெழம ஆனா புளி போட்டுத் தேய்க்கேன். ஒங்க மகன் ஈரத் தட்டக் கொண்டாந்து அப்படியே சொருகுதாவ, சொன்னா பில்குல் கேக்க மாட்டேங்காவ. வார ஞாயிறு கூட்டிட்டு வாரேன், நீங்களே கேளுங்க."