ரெக்கார்டரைப் பார்த்ததும் எழுந்து நின்ற பெரியப்பா

போன சனிக்கிழமை எனக்கு ஒரே ஒரு வேலை. ஹனூருக்குப் போகணும், ஒருத்தர் பேசறதை ஒரு மணி நேரம் ரெக்கார்ட் பண்ணணும், மைசூருக்குத் திரும்பி வரணும்.

நான் எம்.ஏ. மொழியியல், கடைசி செமஸ்டர். கர்நாடகாவுல, தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கற ஹனூர் பக்கத்துப் பேச்சுத்தமிழ்தான் என் ஆய்வு. திங்கக்கிழமை கைடு மேடம்கிட்ட ரெக்கார்டிங் காட்டலேன்னா டாபிக்கே கைவிட்டுப் போயிடும்.

பி.ஜி. படிக்கற மக்களே, ஃபீல்டு ஒர்க்குக்குப் போறப்போ லிஸ்ட் போட்டுக்கோங்க. நான் போட்டேன். ரெக்கார்டர், கூடுதலா பேட்டரி, ஃபோன்லயும் ஒரு காப்பி, சம்மதக் கடிதம். எல்லாம் பக்கா!

பேசப்போற மனுஷனைப் பத்தி மட்டும் லிஸ்ட்ல ஒண்ணுமில்ல.

அவர் என் க்ளாஸ்மேட் சுனிதாவோட பெரியப்பா பழனிச்சாமி. மஞ்சள் விவசாயி. வாசல்லயே, "வாங்கம்மிணி! பஸ்ல வந்து வாடிப் போயிட்டீங்களாட்ட இருக்குது. மொதல்ல மோரைக் குடிங்க"ன்னார்.

ஆஹா! இதுதானே எனக்கு வேணும்! கையெழுத்து வாங்கிட்டு ரெக்கார்டரை ஆன் பண்ணேன்.

"பெரியப்பா, மஞ்சளைப் பத்திச் சொல்லுங்க."

எழுந்து நின்னார். தொண்டையைச் செருமினார்.

"அனைவருக்கும் வணக்கம்! மஞ்சள் என்பது மிகச் சிறந்த வேளாண் பயிராகும்."

எனக்குப் பகீர்னுது. "வீட்ல பேசற மாதிரி பேசுங்க பெரியப்பா!"

"இது காலேஜுக்குப் போறதுங்களே, தப்பாப் பேசலாமுங்களா?"

ஆஃப் பண்ணேன். உடனே உக்காந்து, தோட்டத்துல யானை பூந்த கதையை ஆரம்பிச்சார். "ராவோட ராவா வந்து வேலியப் பிச்சுப்போட்டு, வாழ மரத்த கரும்பாட்டத் தின்னுபோட்டுப் போயிருச்சுங்க!"

தங்கம்! அத்தனையும் தங்கம்! சட்டுனு ஆன் பண்ணேன்.

"அதையே இன்னொரு தடவை சொல்லுங்க!"

"யானைகள் எமது தோட்டத்தினுள் புகுந்து, வாழைகளைச் சேதப்படுத்தின."

சரி, பெரியம்மாகிட்ட போனேன். அவங்க ரெக்கார்டரைப் பார்த்த நிமிஷத்துலேர்ந்து வாயே திறக்கல. எதைக் கேட்டாலும் சிரிச்சுக்கிட்டே தலையாட்டினாங்க. இருபது நிமிஷம். தலையாட்டறது ரெக்கார்டர்ல விழாதுங்க.

கடைசியா ஒரு யோசனை. "பெரியப்பா, இது மேல துண்டு போட்டு மூடிடறேன். ஓடிட்டுத்தான் இருக்கும். நீங்க மறந்துடுங்க"ன்னேன்.

"அதுக்கென்னங்க, மறந்துட்டாப் போச்சு"ன்னு பெருந்தன்மையா ஒத்துக்கிட்டார்.

அப்புறம் துண்டைப் பார்த்து உரையாற்றினார். நாப்பது நிமிஷம்! முடிவுல நன்றியுரை வேற.

திரும்பி வர்ற பஸ்ல இயர்ஃபோன் போட்டுக் கேட்டேன். கொள்ளேகால் தாண்டறதுக்குள்ள அழுகை வந்துடுச்சு.

திங்கக்கிழமை மேடம் ரூம்ல, மன்னிப்புக் கடிதத்தை மனசுக்குள்ள தயார் பண்ணிட்டு உக்காந்திருந்தேன். மேடம் கண்ணை மூடிக் கேட்டாங்க. பத்தாவது நிமிஷம் நிமிர்ந்தாங்க.

"அருமையான பேச்சு! இதுதான் டேட்டா!"

"மேடம், பெரியப்பா கொஞ்சம் மேடைத் தமிழா..."

"அவர் இல்லம்மா. நடுநடுவுல ஒரு பொண்ணு பேசறாளே, அது யாரு?"

திரும்ப ஓட விட்டாங்க. என் குரல். "நான்தான் மேடம்"னேன்.

"பெரியப்பா, ஸ்வல்ப கிட்ட வந்து மாத்தாடுங்க, ஆமேல மோர் குடிக்கலாம், அல்வா?"

மைசூர்லயே பொறந்து வளர்ந்து, இருபத்தி மூணு வருஷமா நான் பேசறது சுத்தத் தமிழ்னு நம்பிட்டிருந்தேன். ஒரே வாக்கியத்துல பாதி கன்னடம்! 'கொஞ்சம்' ஸ்வல்ப ஆயிடுச்சு, 'பேசுங்க' மாத்தாடுங்க, 'அப்புறம்' ஆமேல, 'இல்லையா' அல்வா! அது எனக்கே தெரியல!

"வாக்கியத்தோட எலும்பு தமிழ், சதை கன்னடம்!"னு மேடம் குதூகலமாயிட்டாங்க. "ஹனூரை விடு. மைசூர்த் தமிழர் பேச்சுன்னு டாபிக்கை மாத்து. இந்தப் பொண்ணையே பத்து மணி நேரம் பேச விட்டு ரெக்கார்ட் பண்ணு."

"அவ ஒத்துக்குவாளா மேடம்?"

"கேட்டுப் பாரேன்."

கேட்டேன். அப்பவே ஒத்துக்கிட்டா. வீட்டுக்கு வந்து ரெக்கார்டரை ஆன் பண்ணி எதிர்ல உக்காந்தேன்.

"அனைவருக்கும் வணக்கம்!"னு ஆரம்பிச்சா.