நெய்த் தகரத்துக்கு ஒன்பதாம் மாதம்

கல்வராயன் மலைக்கு அருவி பார்க்கப் போகிற கூட்டம் அந்த வருடம் குறைந்து போனது. தண்ணீர் மேலேயிருந்து கீழே விழுவதில் என்ன அதிசயம்? கரியாலூருக்குப் போனால் வயிற்றில் இருக்கும் குழந்தையின் எடையே மேலேயிருந்து கீழே விழுவதைப் பார்க்கலாம்.

எடையிறக்கிச் சாமி என்பது அவர் பெயர். ஸ்கேனில் பெரிய குழந்தை என்று சொல்லிவிட்டார்களா? ஆபரேஷன் பேச்சு எழுந்துவிட்டதா? சாமியிடம் போ. நாலரைக் கிலோவை இரண்டே முக்காலாக வயிற்றுக்குள்ளேயே கரைத்துக் கொடுத்துவிடுவார். ஊசி இல்லை, மருந்து இல்லை, கத்தி இல்லை. காணிக்கை நெய் மட்டும்தான். குறைகிற ஒவ்வொரு நூறு கிராமுக்கும் ஒரு கிலோ பசு நெய்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மலையேறும் பஸ்ஸில் நிறைமாதப் பெண்கள் மட்டும் முப்பது பேர் இருந்தார்கள். வளைவுகளில் பஸ்ஸுக்கு மூச்சு வாங்கியது. டிரைவர் சாமியை நம்பினாரோ இல்லையோ, முதல் கியரை நம்பினார். திரும்பி இறங்கும்போது எடை குறைந்துவிட்டது என்று கண்டக்டர் எல்லோருக்கும் அரை டிக்கெட் போட்டாராம். ஒருவர் சொன்னார், நான் நம்பினேன். மற்றதையெல்லாம் நம்பிவிட்டு இதை மட்டும் எதற்கு விட்டுவைப்பது?

சாமியின் கோயில் ஒரு பலா மரத்தடி. மூலவர் ஒரு மின்தராசு; சாமி அதை 'தேவி' என்பார். மூட்டை நிறுப்பார்களே, தரையில் பலகையும் ஒயரின் மறுமுனையில் நம்பர் பெட்டியுமாக, அதேதான். பலகைக்கு மூன்று பட்டை விபூதி, பெட்டிக்குக் குங்குமம், செவ்வரளி மாலை. கம்பெனி பெயர் இருந்த இடத்தில் சந்தனம் கொஞ்சம் தடிப்பாகவே அப்பியிருந்தது. தராசு மலைப்பாறையைப் பிளந்துகொண்டு தானாக முளைத்ததாம். சார்ஜர் எதிலிருந்து முளைத்தது என்று யாரும் கேட்கவில்லை.

வடக்கனந்தல் தெய்வசிகாமணி குடும்பத்தோடு வந்து இறங்கியது அங்கேதான்.

தெய்வசிகாமணியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஆறு ஏக்கரில் மரவள்ளி போடுகிறவர். கிழங்கு எடை போடும் இடத்தில் அவரைக் கண்டால் வியாபாரிகள் தராசைத் துடைக்கத் தொடங்குவார்கள். முதலில் தானே தராசில் ஏறி நின்று, "நான் அறுபத்திரண்டு கிலோ. காட்டுதா?" என்பார். அப்புறம்தான் மூட்டையை ஏற்ற விடுவார். நம்பரைப் பார்க்க மாட்டார். வியாபாரியின் கால் கட்டைவிரலையே பார்ப்பார், அது பலகைக்கு அடியில் போய் முட்டுக் கொடுக்கிறதா என்று. இதுவரை ஏழு வியாபாரிகளைக் கையும் காலுமாகப் பிடித்திருக்கிறார். பெற்ற தாயே எடை போட்டாலும் இரண்டாம் முறை போடச் சொல்கிற ஆள்.

அவர் மருமகள் தனுஷாவுக்கு ஒன்பதாம் மாதம். கூடவே சர்க்கரை. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஸ்கேனைப் பார்த்துவிட்டு உட்கார வைத்துப் பேசினார்.

"நாலு கிலோ இருநூறுன்னு காட்டுதும்மா. ஆனா இது தராசு இல்ல, கணக்கு. நானூறு ஐந்நூறு கிராம் முன்னப்பின்ன இருக்கலாம்."

"அப்ப ஆபரேஷன்தானுங்களா?" என்று மாமியார் பெரியம்மாள் முந்திக்கொண்டாள்.

"கட்டாயம்னு சொல்லலம்மா. மூணு வழி இருக்கு. வலி தானா வர்ற வரைக்கும் பாக்கலாம். ஆனா சர்க்கரை இருக்கறதால ரொம்ப நாள் தள்ள முடியாது. ரெண்டாவது, மருந்து வச்சி வலி வரவைக்கலாம். சுகப்பிரசவமே ஆகலாம். ஆனா பெரிய குழந்தைன்னா தலை வந்துட்டுத் தோள் மாட்டிக்கற பயம் இருக்கு. மாட்டினா நிமிஷக் கணக்கு. அதனால தியேட்டரைத் தயாரா வச்சிக்குவோம். மூணாவது, நேரா ஆபரேஷன். தோள் பயம் இல்ல. ஆனா காயம் ஆறணும், அடுத்த பிரசவத்துக்கும் யோசிக்கணும். யோசிச்சி நீயே சொல்லும்மா. எந்த வழின்னாலும் வர்ற திங்க விட்டு அடுத்த திங்கக்கிழமை இங்க வந்து சேந்துடு. வீட்ல மட்டும் வேணாம்."

நேர்மையான பேச்சு. அதில்தான் கெட்டது காரியம். டாக்டரம்மா 'இருக்கலாம்' என்றார். 'முன்னப்பின்ன' என்றார். நம் ஊரில் 'இருக்கலாம்' என்பவருக்கு என்ன மரியாதை? சாமியின் பெட்டியிலோ கிலோவுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி, புள்ளிக்குப் பக்கத்தில் மூன்று எண். சாமி சொன்னால் சொன்னதுதான்.

"பத்து வருசம் படிச்சவங்களுக்கே எடை தெரியல. எங்க தங்கச்சிய இப்டித்தான் கிழிச்சாங்க, மூணு மாசம் எழுந்து நடக்கல. மலைக்குப் போலாம், வாங்க" என்றார் தெய்வசிகாமணி. பயந்த மனிதரிடம் தராசு அறிவு நிற்பதில்லை.

அப்படித்தான் முதல் அமர்வு நடந்தது. தனுஷா பலகையில் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். சாமி பெட்டியைத் தன் மடிக்கு எதிரே ஒரு முக்காலியில் வைத்திருந்தார். "இப்ப தாயோட எடைய மந்திரம் கழிக்கும்" என்று ஒரு பொத்தானை அழுத்தினார். பெட்டி பூஜ்யம் காட்டியது. எந்த மளிகைக் கடையிலும் காலி டப்பாவை வைத்துவிட்டு அழுத்துகிற அதே பொத்தான். இங்கே அதற்கு மந்திரம் என்று பெயர்.

அடுத்து மயில் இறகு கட்டிய மூங்கில் கம்பைப் பலகையின் ஓரத்தில் ஊன்றினார். பெட்டியில் 4.200.

"ஸ்கேன்ல இன்னா சொன்னாங்க?"

"நாலு இருநூறுங்க சாமி!" பெரியம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அதை வரும்போதே வரிசையில் வைத்துச் சாமியிடம் இரண்டு தரம் சொன்னதே அவள்தான்.

"எல்லாரும் கண்ண மூடிக்கினு அரோகரா சொல்லுங்க. நான் சொன்னாத்தான் தொறக்கணும்."

மூடினார்கள். திறந்தபோது 3.300. தொள்ளாயிரம் கிராம் காற்றில் போயிருந்தது. ஒன்பது கிலோ நெய் சாமியின் குடிசைக்குள் போனது.

"எடையெல்லாம் எங்க சாமி போவுது?" என்று யாரோ பக்தியாகக் கேட்டார்கள்.

"நான் தாங்கிக்கிறேன்" என்றார் சாமி, தொப்பையைத் தடவியபடி. அது நெய்யின் வேலை என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

"அடுத்த ஞாயித்துக்கெழம வாங்க. ரெண்டு எண்ணூறுக்குக் கொண்டாந்துர்றேன். அப்றம் ஆஸ்பத்திரிப் படியே மிதிக்க வேணாம், வூட்டுலயே பொறக்கும். அந்தச் சர்க்கரை ஊசிய நிறுத்துங்க. காத்தடிச்ச டியூப் மாதிரி புள்ள ஊதிக்கினு போறதே அதாலதான்."

கண்ணை மூடாதவள் ஒருத்தி இருந்தாள். தனுஷா. மூச்சை அடக்கி அசையாமல் உட்காரச் சொல்லியிருந்ததால் அவளுக்குப் பெட்டியைப் பார்ப்பதைத் தவிர வேறு வேலையில்லை. நடுவில் ஒரு கொசு சாமியின் புறங்கையில் உட்கார்ந்தது. சாமி கையை உதறினார். அந்த ஒரு நொடி பெட்டியில் பூஜ்யம். குழந்தை காணாமல் போய், கொசு பறந்ததும் திரும்பி வந்தது.

வீட்டுக்கு வந்து புருஷன் தமிழரசனிடம் சொன்னாள்.

"கம்புதாங்க அது. வெறும் கம்பு."

"அப்பாக்கிட்ட யாரு சொல்றது? நீ சொன்னா நம்புவாரா? நான் சொன்னா அடிப்பாரு."

"சொல்ல வேணாம். பாக்கட்டும். ஆனா ஊசிய நான் நிறுத்த மாட்டேன். டாக்டரம்மா சொன்ன திங்கக்கிழம ஆஸ்பத்திரிக்குத்தான் போவேன். இவுங்க வூட்டுல படுக்க வச்சி, புள்ள தோள் மாட்டிக்கினா அப்ப யாரு இழுக்கறது, நீங்களா?"

பஸ்ஸில் குஞ்சம்மாள் என்ற பெண் சொன்னதைத் தமிழரசனும் கேட்டிருந்தான். அவள் மகள் வயிற்றுப் பிள்ளை இரண்டு கிலோ எழுநூறு என்று சாமி எழுதியே கொடுத்தார். வீட்டில் பிரசவம். தோள் மாட்டிக்கொண்டது. குழந்தை பிழைத்தது, வலது கை மட்டும் இன்றுவரை தூக்கவில்லை. கேட்கப் போனதற்கு, நெய்யில் டால்டா கலந்திருந்ததாகச் சாமி சொல்லி அனுப்பினாராம். குஞ்சம்மாள் அதையும் நம்பி, கை சரியாகட்டும் என்று நல்ல நெய் எடுத்துக்கொண்டு மறுபடி போய்க்கொண்டிருந்தாள்.

அடுத்த ஞாயிறு. மரத்தடியில் இருநூறு பேர். தனுஷா பலகையில் உட்கார்ந்து சத்தமாகவே கேட்டாள்:

"சாமி, பின்னால நிக்கிறவங்களுக்கு நம்பர் தெரியலையாம். பெட்டிய அந்தக் கிளையில மாட்டட்டுங்களா?"

"ஆமாம் சாமி! ஒண்ணும் தெரியல சாமி!" இருநூறு வாய்.

"தேவி கெழக்க பாத்துத்தான் இருக்கணும்" என்றார் சாமி.

"அந்தக் கிளையும் கெழக்க பாத்துத்தான் இருக்குது சாமி."

அதற்குள் தமிழரசன் பெட்டியைத் தூக்கிச் சாமியின் முதுகுக்குப் பின்னால் இருந்த கிளையில் மாட்டிவிட்டான். பொத்தானையும் அவனே அழுத்தினான். கூட்டம் அரோகரா போட்டது. அந்தக் கூட்டத்துக்கு முன்னால் வேண்டாம் என்று சொல்ல எந்தச் சாமிக்கும் வாய் வராது.

"கண்ண மூடுங்க" என்றார் கடைசி முயற்சியாக.

"அத்த, மூடாதீங்க. உங்க பேரப்புள்ள கரையறத நீங்க பாக்க வேணாமா?" என்றாள் தனுஷா. பெரியம்மாள் கண்ணை அகல விரித்தாள். அவளைப் பார்த்து எல்லோரும் விரித்தார்கள்.

சாமி கம்பை ஊன்றினார். "மூணு முந்நூறுல நிக்குது."

பெட்டியில் 7.450.

கூட்டம் வாயடைத்துப் போனது. சாமி அதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டார். "எறங்குது… எறங்குது… மூணு நூறு…"

9.200.

"நல்லா மனசார வேண்டுங்க! ரெண்டு தொள்ளாயிரம்…"

11.650. ஒன்றரை வயதுப் பிள்ளைக்கே அந்த எடை வராது. பதினொன்றரைக் கிலோவைச் சுமந்த தனுஷா சாந்தமாக மூக்கைச் சொறிந்துகொண்டிருந்தாள்.

"ரெண்டு எண்ணூறு! போடு அரோகரா!"

ஒருவரும் போடவில்லை. பெரியம்மாள்தான் கேட்டாள்: "சாமி, பதினொண்ணரைக்கு மேல காட்டுது… யான கீன எதுனா பூந்துடுச்சா?"

சாமி திடுக்கிட்டுத் திரும்பினார். திரும்பிய வேகத்தில் கம்பு மேலே எழுந்தது.

0.000.

"ஐயையோ, இப்ப புள்ளயே இல்ல!"

சாமி அவசரமாகக் கம்பைத் திரும்ப ஊன்றினார். 14.100.

அப்போதுதான் தெய்வசிகாமணிக்கு முப்பது வருடப் பழக்கம் விழித்துக்கொண்டது. அவர் கண் பெட்டியிலிருந்து இறங்கியது. கம்பு வழியாக வந்தது. கம்பைப் பிடித்திருந்த கைக்கு வந்து, அழுத்தத்தில் வெளுத்திருந்த விரல் மூட்டில் நின்றது.

"கம்ப எடுய்யா" என்றார்.

"பக்தா, இது தேவியோட…"

"எடுய்யான்றேன்! யார்கிட்ட? தூக்கிப் பிடிக்கிறவனப் பாத்திருக்கறேன். அமுக்கறவன இன்னிக்கித்தான் பாக்கறேன். தனுஷா, நீ எறங்கும்மா."

மருமகளைக் கைத்தாங்கலாக இறக்கிவிட்டு, தான் கொண்டுவந்த நெய்த் தகரத்தைத் தூக்கிப் பலகையில் வைத்தார். பொத்தானை அழுத்தினார். பூஜ்யம். சாமியின் கையிலிருந்த கம்பைப் பிடுங்கி ஓரத்தில் ஊன்றி, பெட்டியைப் பார்த்தபடி ஒரு சின்ன அழுத்து.

4.200.

"பாருங்க ஜனங்களே. தகரம் முழுகாம இருக்குது. ஒம்பதாம் மாசம். பெரிய புள்ள." கையைத் தளர்த்தினார். 2.800. "கரைச்சாச்சி. எங்க, அந்த நெய்ய இப்டிக் கொண்டாங்க."

சிரித்த சிரிப்பில் பலா மரத்திலிருந்து பிஞ்சுகள் உதிர்ந்தன. அன்றைக்கு உதிர்ந்த பிஞ்சைப் பொறுக்கி மூன்று ஊர் கூட்டு வைத்தது. குஞ்சம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. நேராகச் சாமியிடம் போய், கொண்டுவந்த நல்ல நெய்யை அவர் தலையில் கவிழ்த்தாள். நெய் தடவிய ஆளைப் பிடிப்பது கடினம் என்பதால் சாமி தப்பினார். பாதி மலை வரைதான். கூட்டத்தில் யாரோ போன் போட்டு வரவழைத்த போலீஸ் ஜீப் அங்கே ஏறிவந்துகொண்டிருந்தது. அப்புறம் எழுதிய புகாரில் முதல் கைநாட்டு குஞ்சம்மாளுடையது.

திங்கட்கிழமை தனுஷா ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். இரண்டாவது வழி என்றாள். மருந்து வைத்தார்கள். தியேட்டரில் விளக்குப் போட்டுத் தயாராக வைத்தார்கள். மறுநாள் மத்தியானம் தலை வந்தது. தோள் வரவில்லை.

டாக்டரம்மா குரல் கொடுத்தார். இரண்டு நர்சுகள் தனுஷாவின் முட்டிகளை மார்பு வரை மடக்கினார்கள். இன்னொருத்தி அடிவயிற்றில் கையை வைத்து அமுக்கினாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்க்க ஒருத்தியை நிறுத்தியிருந்தார்கள். ஐம்பது நொடி. வெளியே நின்ற தெய்வசிகாமணிக்குக் கேட்டது முதலில் அமைதி, அப்புறம் அழுகை. பெண் குழந்தை. மூன்று கிலோ தொள்ளாயிரத்து ஐம்பது. இரண்டு கையையும் தூக்கித் தூக்கி அழுதது.

"நீங்க இருநூத்தம்பது கிராம் ஜாஸ்தி சொல்லிட்டீங்களேம்மா" என்றார் தெய்வசிகாமணி. பழக்கம் விடவில்லை.

"முன்னப்பின்ன இருக்கும்னு சொன்னேனே ஐயா."

"ஆமாங்க, சொன்னீங்க." நர்ஸ் கையிலிருந்த குழந்தையின் வலது கையைத் தொட்டார். "இதுவே வூட்டுல ஆயிருந்தா?"

டாக்டரம்மா கை கழுவப் போனார்.

வடக்கனந்தலில் இன்னும் சில பேர் இருக்கிறார்கள். தேவியைக் கிளையில் மாட்டியதுதான் குற்றம், இல்லாவிட்டால் குழந்தை இரண்டு எண்ணூறில் பிறந்திருக்கும் என்கிறார்கள். அவர்களோடு சண்டை போட எனக்குத் தெம்பில்லை. ஒரே ஒரு வேண்டுகோள்: அடுத்த தடவை கிழங்கு ஏற்றும்போது, வியாபாரியை நிறுக்கச் சொல்லிவிட்டு நீங்கள் கண்ணை மூடி அரோகரா போடுங்கள். முடியாதா? அப்படியென்றால் கிழங்குக்குத் திறக்கிற கண்ணைப் பிள்ளைக்கும் கொஞ்சம் திறந்து வையுங்கள்.