பனையைப் பார்த்து நடந்துகொள்ளவும்

மனித குலம் திசை தெரியாமல் தவிக்கும்போதெல்லாம் அதற்கு வழிகாட்ட யாராவது ஒரு மகான் தோன்றிவிடுகிறார். எங்கள் தொழிலாளர் நல அலுவலகத்துக்கு அந்தப் பாக்கியம் சற்றுத் தாமதமாகத்தான் கிடைத்தது. வந்தவரும் மனிதர் இல்லை, பனைமரம். அதனால் என்ன? மகான்களில் முக்கால்வாசிப் பேர் பேசிப் பேசியே கெட்டுப்போனார்கள். இவர் கடைசிவரை வாயே திறக்கவில்லை.

பனை நின்றது எங்கள் இயக்குநர் வீட்டுத் தோட்டத்தில். சாதாரணப் பனை என்று நினைத்துவிடாதீர்கள். முழங்கால் அளவு பனி விழுந்தாலும் அசராமல் நிற்கிற 'குளிர் தாங்கும்' இனம். விசிறி விசிறியாக இலை, இடுப்பளவு உயரம், தண்டைச் சுற்றி இயற்கையே போர்த்திவிட்ட நார்க் கம்பளி. இலையுதிர்காலத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் அதைக் குழியில் இறக்கி மண் தள்ளிய இயக்குநர், திங்கட்கிழமை காலை வேறு மனிதராக அலுவலகம் வந்தார். கண்ணில் ஒளி. நகத்தில் மண்.

"சூப்பரின்டென்டன்ட், உட்காருங்க" என்றார். அவர் என்னை உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை. பாதி நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"அது வெயில் பார்த்து வளர்ற சாதி. இந்தக் குளிர்ல வந்து நிக்குது. ஒரு முணுமுணுப்பு உண்டா? ஒரு லீவ் லெட்டர் உண்டா?"

"இல்லீங்க சார்."

"மனுஷன் மட்டும் ஏன்யா ஹீட்டர் ஹீட்டர்னு அலையறான்?"

"கொழுப்பு சார்" என்றேன். கண்காணிப்பாளர் பதவிக்குத் தேவையான ஒரே தகுதி எனக்குச் சமயத்தில் கைகொடுத்தது.

அன்று மாலையே சுற்றறிக்கை போனது. எழுதியவன் அடியேன். 'ஊழியர்கள் மன உறுதியைப் பேணும் பொருட்டு, இயக்குநர் அவர்களின் இல்லத்துப் பனையைப் பார்த்து நடந்துகொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். அனுப்புகைப் பிரிவின் இரண்டு ஹீட்டர்களும் பராமரிப்புக்காக எடுத்துச் செல்லப்படுகின்றன.' இரண்டு வாக்கியத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கக் கூடாது. நல்ல சுற்றறிக்கையில் எந்த வாக்கியமும் பக்கத்து வாக்கியத்துக்கு உறவு சொல்லிக்கொண்டு வராது.

அனுப்புகைப் பிரிவு என்று சொன்னாலும் அங்கே இருந்தது ஒரே ஆள்தான். நாங்கள் எல்லாரும் அவரைத் தபால் அக்கா என்போம். வயதில் மூத்தவர் என்பதால் என்னைத் தம்பி என்பார். நானும் பெருந்தன்மையாக விட்டுவிட்டேன். மூட்டைகள் ஏறி இறங்கும் பின்வாசலை ஒட்டியது அவர் அறை. அந்தக் கதவு நாள் முழுக்கத் திறந்தபடி கிடக்கும். அந்தப் பருவத்தில் அக்கா பெரும்பாலும் அனுப்பியது ஒரே நோட்டீஸ்தான்: 'தங்கள் தொழிற்கூடத்தில் வெப்ப வசதி போதவில்லை எனத் தெரியவருகிறது. தொழிலாளர் உடல்நலம் கருதி உடனே ஆவன செய்யவும்.' விரல் நுனி வெட்டிய கையுறையோடு, வாயிலிருந்து புகை புகையாக மூச்சு வர, அக்கா அதை உறையிலிட்டு முத்திரை குத்திக்கொண்டிருந்தார். ஒரு நோட்டீஸின் பொருளை இவ்வளவு உணர்ந்து அனுப்பிய ஊழியரை வேறு எந்த இலாகாவிலும் நீங்கள் பார்க்க முடியாது.

ஒருநாள் இருமிக்கொண்டே என் மேஜைக்கு வந்தார்.

"தம்பி, எனக்கு ஏற்கெனவே நெஞ்சு சரியில்ல. இன்னொரு தடவை சளி உள்ள இறங்கினா தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ரெண்டும் வேண்டாம். ஒரு ஹீட்டர் குடுங்க, போதும்."

"பராமரிப்புக்குப் போயிருக்கு அக்கா."

"நல்லாத்தானே ஓடிட்டு இருந்துச்சு?"

"நல்லா ஓடுறதைத்தான் பராமரிக்க முடியும். ஓடாததைப் பராமரிச்சு என்ன பிரயோஜனம்?"

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். "உங்ககிட்ட பேசி ஜெயிக்க முடியுமா தம்பி" என்று சொல்லிவிட்டு, இருமல் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தபடி போய்விட்டார்.

இதற்கிடையே பனையின் புகழ் பரவியது. தினமும் காலையில் இயக்குநர் தம் கையாலேயே ஒரு புகைப்படத்தை அறிவிப்புப் பலகையில் குத்துவார். சுற்றிலும் வெள்ளை வெளேரென்று பனி. நடுவில் துணையில்லாமல், துணியில்லாமல், தன்னந்தனியாகப் பனை. கீழே 'இன்றும் நிற்கிறது' என்று ஒரு வரி. அதைப் பார்த்துவிட்டுத்தான் நாங்கள் கையெழுத்துப் போட வேண்டும். கணக்குப் பிரிவில் ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டதாகவும் கேள்வி.

அக்கா மட்டும் படத்துக்குக் கிட்டே போய் உற்றுப் பார்த்தார். "தரையில இவ்வளவு கிடக்கே, இலையில ஒரு பொட்டுப் பனி இல்லையே தம்பி?"

"பனியே பயந்து ஒதுங்கிடுச்சு அக்கா. அதுக்குப் பேர்தான் மன உறுதி" என்றேன்.

அந்த மன உறுதியை நேரில் தரிசிக்கும் வாய்ப்பு எனக்கு மட்டுமே வாய்த்தது. அவசரக் கோப்பு ஒன்றில் கையெழுத்து வாங்க, காலையிலேயே இயக்குநர் வீட்டுக்குப் போனேன். தோட்டத்தில் பனையைக் காணோம். பனை இருந்த இடத்தில் கழி நட்டு, போர்வை மேல் போர்வையாகப் போர்த்திய ஒரு கூடாரம். உள்ளே செக்கச்செவேலென்று வெளிச்சம். வெளியே இயக்குநரின் மனைவி, கணவரின் பழைய ஓவர்கோட்டைத் தம் கோட்டுக்கு மேலே மாட்டிக்கொண்டு, பல் கிட்டிக்க நின்றிருந்தார்.

"நல்ல வேளை வந்தீங்க. போட்டோ நேரம். அந்தப் பக்கம் போர்வையைப் பிடிங்க, சட்டுன்னு தூக்கிட்டு சட்டுன்னு மூடணும்" என்றார்.

கூடாரத்திலிருந்து இயக்குநர் வெளியே வந்தார். அரைக்கைச் சட்டை. நெற்றியில் வியர்வை. அவருக்குப் பின்னால் பனையின் இருபுறமும் மெய்க்காவலர்கள் போல இரண்டு ஹீட்டர்கள். இரண்டின் முதுகிலும் வெள்ளைப் பெயின்டில் 'அனுப்புகைப் பிரிவு' என்று எழுதியிருந்தது.

"பராமரிப்பு எப்படிப் போகுதுங்க சார்?" என்றேன்.

"ரொம்பத் திருப்தி."

"இது குளிர் தாங்கற மரம்தானே சார்?"

"தாங்கும்யா. தாங்கும்ங்கறதுக்காகத் தாங்க விடலாமா? மனசு கேக்குமா?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அடித்த காற்றும் அப்படி.

"இவர் மனசைப் பத்தி நீங்க கேக்கவே வேண்டாம்" என்றார் மனைவி. "ராத்திரி எனக்கு ஒரு கம்பளி கேட்டேன். 'நீ நாலு சுவருக்குள்ள இருக்கே, அது பாவம் வெளியில நிக்குது'ங்கறாரு."

அக்காவின் பெயரை அங்கே நான் எடுத்தேனா என்று கேட்பீர்கள். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் இயக்குநர் அப்போது ஈரத்துணியால் பனையின் இலையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் இடையூறு செய்வது நாகரிகமாகப் படவில்லை.

இத்தனை சீராட்டியும், மகான் ஒருநாள் பழுக்க ஆரம்பித்தார். முதலில் இலை நுனி, பிறகு இலை முழுவதும். மரத்தை விற்ற நர்சரிக்காரரை வரவழைத்தார்கள். போர்வை பிடிக்க நானும் போயிருந்தேன். அவர் கூடாரத்துக்குள் தலையை விட்டார், அப்படியே வெளியே இழுத்துக்கொண்டு முகத்தை விசிறினார். பிறகு கையை மட்டும் நீட்டி நடுக்குருத்தைப் பிடித்து லேசாக இழுத்தார். குருத்து கையோடு வந்துவிட்டது. அடிப்பாகம் கொழகொழவென்று அழுகி நாறியது.

"அட, அவிச்சே வச்சிருக்கீங்களே சார்! பனியில சும்மா விட்டிருந்தா ஜம்முனு நின்னிருக்குமே!"

இயக்குநர் வெகுநேரம் யோசித்தார். நிர்வாக அனுபவம் என்பது சும்மா வருவதில்லை.

"ஆக, சூடு ஒரே சீராப் பரவலை."

"சூடே வேண்டாம்ங்கறேன் சார்."

"இன்னும் ஒரு ஹீட்டர் வச்சிருக்கணும். தப்புப் பண்ணிட்டேன். அடுத்த வாரம் வேற மரம் கொண்டுவாங்க" என்றார். நர்சரிக்காரர் என்னைப் பார்த்தார். நான் போர்வையை மடிக்கத் தொடங்கினேன்.

மறுநாள் அலுவலகத்தில் இரங்கல் கூட்டம். எல்லாரும் நிற்க இடம் இருந்தது அனுப்புகைப் பிரிவில்தான் என்பதால் அங்கேயே கூடினோம். பின்வாசல் வழக்கம்போலத் திறந்திருந்தது. பனையின் தியாகம் பற்றி இயக்குநர் உருக்கமாகப் பேசினார். பிறகு தலை குனிந்து மௌனம். ஊசி விழுந்தால் கேட்கும். கேட்டது இருமல்.

அக்கா சால்வையை வாயில் அழுத்திப் பார்த்தார். அடங்கவில்லை. மூட்டைகளைப் பிடித்துக்கொண்டு குனிந்து குனிந்து இருமினார்.

இயக்குநர் கண்ணைத் திறந்தார். "ஒரு நிமிஷம் அடக்கிக்க முடியாதாம்மா? ஒரு உயிர் போயிருக்கு."

"மன்னிச்சுக்குங்க சார்" என்று சொல்ல அக்கா வாயெடுத்தார். முடிக்கவில்லை. மூட்டைகள் மேலேயே சரிந்தார். ஓடிப்போய்க் குனிந்தேன். கையைத் தொட்டேன், விரலெல்லாம் விறைத்திருந்தது, நெற்றி மட்டும் நெருப்பாய்க் கொதித்தது.

நிமோனியா என்றார்கள். இரண்டு நாள் எதுவும் சொல்ல முடியாது என்றும் சொன்னார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள், என் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக இயக்குநர் கேட்காமலே அவரிடம் ஒரு யோசனை சொன்னேன்.

"சார், நீங்க ஒரு எட்டு போய்ப் பார்த்தா அக்காவுக்கு ஆறுதலா இருக்கும்."

அவர் உடனே கிளம்பிவிட்டார். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் அவரை எனக்கு உண்மையிலேயே பிடித்திருந்தது.

அக்கா ஜன்னல் ஓரக் கட்டிலில், மூக்கில் குழாயோடு, பாதியாய்க் குறைந்து கிடந்தார். கட்டிலை ஒட்டி ஒரு ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தது.

"அதிகம் பேச வைக்காதீங்க. இவங்க உடம்புக்குச் சூடு குறையவே கூடாது" என்றார் நர்ஸ்.

இயக்குநர் கட்டிலருகே போனார். குனிந்தார். கையை நீட்டினார். அக்காவின் நெற்றியைத் தொடப்போகிறார் என்று நினைத்தேன். கை ஹீட்டருக்கு மேலே போய் நின்றது.

"அடடா, என்ன சீரான சூடு! இது எங்க கிடைக்குது?"

நர்ஸுக்குப் புரியவில்லை. அக்கா கண் திறந்தார். இயக்குநரைப் பார்த்தார், அவர் கையைப் பார்த்தார்.

"புது மரம் வந்துடுச்சா சார்?"

"நாளைக்கு வருதும்மா."

"அப்ப இதை எடுத்துட்டுப் போங்க. அதுக்குக் குளிரும்."

ஓர் உயிர் குளிரில் வாட எங்கள் இயக்குநர் ஒருபோதும் பொறுக்கமாட்டார் என்பதற்கு நானே கண்கண்ட சாட்சி. அவர் மறுபேச்சுப் பேசவில்லை. கட்டிலுக்கு அடியில் குனிந்து, பிளக் எங்கே இருக்கிறது என்று தேடினார்.