வெங்கடபதிக்கு எதுவும் குறையவில்லை

வைட்டமின் டி குறையவில்லை என்று தெரிந்ததும் வெங்கடபதி லேபின் வரவேற்பு பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்.

"நல்லாத்தானுங்க சார் இருக்குது," என்றாள் கவுண்டரில் இருந்த யுஸ்ரா. ரிப்போர்ட்டைப் பார்த்து முகம் தொங்கிப்போகிறவர்களை அவள் தினமும் பார்க்கிறாள். ஆனால் அவர்களுக்கெல்லாம் ஏதாவது கோளாறு இருக்கும்.

"இன்னொருக்கா பாரு கண்ணு. ஊர்ல எல்லாத்துக்கும் கொறையுதுங்கறாங்க. எனக்கு மட்டும் எப்பிடி?"

"வெயில்ல ரொம்ப நிப்பீங்களா சார்?"

நிற்பார். கோவை கணபதி ஏரியாவில் அவருக்கு வெட் கிரைண்டர் பட்டறை. லாரியில் கல் வந்து இறங்கும்போதெல்லாம் தலையில் துண்டுகூட இல்லாமல் வாசலில் நின்று, "பார்த்து, பார்த்து" என்று கத்திக்கொண்டிருப்பார். கல் உடையக்கூடாது என்று நின்ற நிற்பு இப்படிக் காலை வாரும் என்று அவர் கண்டாரா என்ன.

விஷயம் இதுதான். தொண்டாமுத்தூரில் மச்சினன் பாலகோபாலின் தென்னந்தோப்பில் ஒரு விருந்து. சாப்பிட்டுவிட்டு எல்லாரும் கட்டிலில் சாய்ந்திருந்தபோது மேற்கே மலை பளிச்சென்று தெரிந்தது.

"வெள்ளியங்கிரி ஏறி எத்தனை வருசமாச்சுங்க மாமா," என்றான் பாலகோபால்.

"நீங்க கூப்பிட்டா நான் வாராம இருப்பனுங்களா மாப்ள," என்றார் வெங்கடபதி. மரியாதைக்குச் சொன்னதுதான்.

"நீங்களே வாரேன்னு சொன்னப்பறம் நான் மாட்டேங்க முடியுங்களா?"

சாயங்காலத்துக்குள் வேன் பேசியாயிற்று, ஊன்றிக்கொள்ள மூங்கில் தடியும் சொல்லியாயிற்று. வெங்கடபதிக்கு மருதமலைக் கோயில் படி ஏறினாலே பாதியில் மூச்சு முட்டும். வெள்ளியங்கிரிக்கு ஏழு மலை ஏற வேண்டும். ஆனால் பெண் எடுத்த வீட்டில் போய் "என்னால முடியாது" என்று எந்த வாயால் சொல்வது? அந்த வீட்டுக்கு அவர் மூத்த மாப்பிள்ளை. அவர் உட்கார்ந்தால்தான் அங்கே பந்தியே ஆரம்பிக்கும். இத்தனை வருஷம் கட்டிக்காத்த கெத்து ஒரே வார்த்தையில் போய்விடும்.

தப்பிக்க வழியைப் பாலகோபாலே போனில் சொன்னான்.

"ஏனுங் மாமா, ஏறறதுக்கு முன்னால வைட்டமின் டி ஒருக்கா டெஸ்ட் பண்ணிப்போடுங்க. ஏதாச்சும் கொறஞ்சிருந்தா ரிஸ்க் எடுக்க வேண்டாமுங்க. தெரிஞ்ச லேபுதான். காசு நான் கட்டிட்டனுங்க."

வெங்கடபதிக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. ரிப்போர்ட்டில் ஒரே ஒரு குறை இருந்தால் போதும். டாக்டர் வேண்டாம் என்பார், மாப்பிள்ளை கெத்தாக வீட்டில் இருக்கலாம். அந்த நம்பிக்கையோடுதான் ரத்தம் கொடுத்தார். வந்த ரிப்போர்ட் இது.

வீட்டுக்குப் போய் மறைத்துவிடலாம் என்றால், லேபில் கொடுத்திருந்தது மனைவி அம்புஜத்தின் போன் நம்பர். அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் ரிப்போர்ட் குடும்ப வாட்ஸப் குரூப்புக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

"ஏனுங்க, எங்க ஆளுங்க எல்லாரும் கையெடுத்துக் கும்பிடறாங்க பாருங்க," என்று அம்புஜம் போனை நீட்டினாள்.

பாலகோபாலின் பதில் மட்டும் கொஞ்சம் தாமதமாக வந்தது. 'ரொம்ப சந்தோசமுங்க மாமா. எதுக்கும் பி12 பார்த்துப்போடலாமுங்க. கட்டிட்டேன்.'

இந்தமுறை வெங்கடபதி தயாராகப் போவது என்று முடிவு செய்தார். பி12 கறியிலும் முட்டையிலும் பாலிலும் இருக்கிறதாம். அன்றிலிருந்து மூன்றையும் நிறுத்தினார். தயிர் இல்லாமல் சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டில் மட்டன் கொதித்தபோது மொட்டை மாடிக்குப் போய் நின்றார். வெயில் படுகிறதே என்று நினைவு வந்து திரும்பவும் கீழே ஓடிவந்தார்.

"என்னாச்சுங்க உங்களுக்கு? மோர்கூட வேண்டாங்கறீங்க," என்றாள் அம்புஜம்.

வாய்க்கு வந்தது வந்துவிட்டது. "மலைக்கு விரதம்."

அம்புஜம் உடனே போனை எடுத்தாள். மாமா பாலைக்கூடத் தொடாமல் விரதம் இருக்கிறார் என்று தொண்டாமுத்தூர் முழுக்கப் பரவிற்று. அதுவரை வரமாட்டோம் என்றிருந்த அந்த வீட்டு இளவட்டங்கள் யஷ்வந்தும் சபரீஷும், சொந்தத்தில் இன்னும் பாதிப் பேரும் பெயர் கொடுத்தார்கள். வேன் பஸ்ஸாயிற்று.

பி12 ரிப்போர்ட் வந்தது. அதிலும் குறை இல்லை.

"ஒரு வாரமா பச்சைத் தண்ணியும் ரசமுமா கெடக்கறேன் அம்மணி," என்றார் வெங்கடபதி, அழாத குறையாக.

"பி12 ஒரு வாரத்துல எறங்காதுங்க சார். ஒடம்பு வருசக்கணக்குல சேத்து வெச்சிருக்கும்," என்றாள் யுஸ்ரா.

கல்யாணமான நாளிலிருந்து அம்புஜம் போட்ட மட்டன் குழம்பு அத்தனையும் உள்ளே உட்கார்ந்துகொண்டு அவருக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. யாரை நொந்துகொள்வது?

பாலகோபால் விடவில்லை. 'முழு பாடி செக்கப் எடுத்துப்போடுங்க மாமா. அதுல எதாச்சும் ஒண்ணு மாட்டும். கட்டிட்டேன்.' இவ்வளவு செலவழித்து மாமன் உடம்பைப் பார்த்துக்கொள்கிற மச்சினன் யாருக்குக் கிடைப்பான்? வெங்கடபதிக்குக் கூச்சமாகக்கூட இருந்தது. ஆனாலும் பட்டறை வாசலுக்குப் போகாமல் ஆபீஸ் அறைக்குள்ளேயே பதுங்கிக் கிடந்துவிட்டு, மறுபடியும் போய்க் கையை நீட்டினார். அவர் பதுங்கிக் கிடந்த நாட்களில் கல் லோடு இறங்கியது. இரண்டு கல் விரிசல்.

ரிப்போர்ட்டில் ஒரே ஒரு இடத்தில் 'குறைவு' என்று இருந்தது. வெங்கடபதி துள்ளி எழுந்தார்.

"இது என்ன கண்ணு?"

"கெட்ட கொழுப்புங்க சார். கறி, முட்டை விட்டீங்கல்ல, அதான். கொறஞ்சா ரொம்ப நல்லதுங்க."

அன்று சாயங்காலம் அம்புஜம் ஒரு போட்டோ காட்டினாள். தொண்டாமுத்தூர் ரோடு பிரியும் இடத்தில் ஃபிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். கையில் தடியோடு வெங்கடபதி சிரித்துக்கொண்டிருந்தார். பட்டறை ஆயுத பூஜை போட்டோவை எடுத்துத் தடியை ஒட்டவைத்திருக்கிறார்கள். கீழே, 'இரும்பு மனிதர் மாமா வெங்கடபதி தலைமையில் வெள்ளியங்கிரி மலைப் பயணம்.'

ராத்திரி முழுக்க அவருக்குத் தூக்கமில்லை. விடிந்ததும் லேப் ஷட்டர் திறக்கும் முன்பே போய் நின்றார். யுஸ்ரா வந்து உட்கார்ந்ததும் பர்ஸைத் திறந்து மேசையில் வைத்தார்.

"அம்மணி, இது என் சொந்தக் காசு. ஏ-யோ, ஈ-யோ, இந்த உலகத்துல இருக்கற எந்த வைட்டமினோ, எனக்குக் கொறையற மாதிரி ஒண்ணைக் கண்டுபிடிச்சுக் குடு. கொறஞ்சாத்தான் நான் மலையேறாம தப்பிக்க முடியும்."

யுஸ்ரா கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தாள்.

"காசு வேண்டாமுங்க சார். பாக்கியிருக்கற எல்லா டெஸ்ட்டுக்கும் உங்க மச்சினர் நேத்தே கட்டிட்டாருங்க."

இப்படிப்பட்டவனிடமா பொய்ச்சாக்குச் சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன் என்று வெங்கடபதிக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது. பர்ஸை மூடினார்.

"வேண்டாம் கண்ணு, விடு. எம்மேல இத்தனை பிரியம் வெச்சிருக்கறவனை நான் ஏமாத்த மாட்டேன். மொத மலையிலேயே மூச்சு நின்னாலும் செரி, நான் அவங்கூட ஏறறேன். அவனுக்கு நீயே போன் பண்ணிச் சொல்லிப்போடு."

யுஸ்ரா போனை எடுக்கவில்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"சார், அவரும் எல்லா டெஸ்ட்டும் எடுத்துப் பார்த்துட்டாருங்க, ஒண்ணுமே கொறையல. 'எங்க மாமாவுக்காச்சும் ஏதாவது கொறையற வரைக்கும் எடுத்துட்டே இரு அம்மணி, எவ்வளவு ஆனாலும் நான் கட்டறேன், அந்த மலையில இருந்து என்னைய மட்டும் காப்பாத்திப்போடு'ன்னு கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போனாருங்க."