எல்லா மேடையிலும் கூட்டுரோட்டார்

ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே எத்தனை கட்சிகள் இருந்தனவோ, அத்தனைக்குள்ளும் போய்ப் பார்த்துவிட்டு வெளியே வந்த ஒரே மனிதர் கூட்டுரோட்டார்தான். அசல் பெயர் அவர் மனைவிக்கு மட்டும் நினைவிருந்திருக்கலாம். நாலு பக்கமும் பஸ் பிரிகிற கூட்டுரோடு மாதிரி எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திரும்புவார் என்று ஊர் வைத்த பெயர் அது. குருபரப்பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துக்குப் பஞ்சாயத்துத் தலைவர்.

அறுபதுகளின் கடைசியில் நான் கிருஷ்ணகிரியில் மைக் செட் கடை வைத்திருந்தேன். எந்தக் கட்சிக் கூட்டமானாலும் ஒலிபெருக்கிக் குழாய் கட்டுவது நான், பேசுவது அவர். அவருடைய கொள்கைகள் எல்லாமே என் ஆம்ப்ளிஃபயர் வழியாகத்தான் வெளியே வந்தன. அது சீக்கிரம் கெட்டுப்போனதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

ஆட்சி மாறிய வருஷம், டீக்கடை ரேடியோவில் தேர்தல் முடிவு வந்துகொண்டிருந்தது. கதர்ச் சட்டையோடு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவர், குளித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனார். திரும்பி வரும்போது இடுப்பில் ஜெயித்த கட்சியின் கரை வேட்டி. கடை மடிப்புக்கூடக் கலையவில்லை. என்றைக்கோ வாங்கிப் பெட்டியில் வைத்திருந்திருக்கிறார்! சாயங்காலம் வெற்றி ஊர்வலத்தில் முதல் வரிசையில் நடந்தார். பல வருஷம் அந்தக் கட்சிக்காக உழைத்தவர்கள் பின்னால் தூசி தின்றுகொண்டு வந்தார்கள்.

ஆறு மாதத்தில் அங்கிருந்தும் கிளம்பி மூன்றாவது கட்சிக்குப் போனார். சூளகிரிக் கூட்டத்தில் ஒரு விவசாயி எழுந்து, "போன மாசம் இதே எடத்துல இவங்களத்தானே திருடங்கன்னு சொன்னீங்க?" என்று கேட்டுவிட்டார்.

கூட்டுரோட்டார் கொஞ்சமும் அசையவில்லை. "ஆமாப்பா. அப்ப வெளிய நின்னு பாத்துச் சொன்னேன். இப்ப உள்ள வந்து நல்லா விசாரிச்சிட்டேன்."

கேட்டவரே கை தட்டினார்.

பிறகு பஞ்சாயத்து யூனியன் சேர்மன் தேர்தல் வந்தது. பஞ்சாயத்துத் தலைவர்கள்தான் ஓட்டுப் போட வேண்டும். இரண்டு கோஷ்டியும் சமபலம். கூட்டுரோட்டார் ஓட்டு விழுகிற பக்கம் ஜெயிக்கும் என்ற நிலைமை. ஒரு கோஷ்டி அவரை எல்லை தாண்டி பெங்களூருக்குக் கொண்டுபோய் லாட்ஜில் வைத்து மசால் தோசையாகப் போட்டது. வெற்றிலை வாங்கக் கீழே இறங்கியவர், எதிர்க் கோஷ்டி காரில் ஏறிவிட்டார். கடத்திவிட்டார்கள் என்று பிற்பாடு சொன்னார். கடத்தப்பட்டவர் இஸ்திரி போட்ட சட்டைகளைப் பெட்டியோடு எப்படி எடுத்துப் போனார் என்று யாரும் கேட்கவில்லை.

அந்த உபசாரம் தலைக்கேறிவிட்டது. இரண்டு பக்கமும் நம்மைத் தாங்குகிறதே, நாமே நின்றால் என்ன என்று தோன்றிவிட்டது அவருக்கு. இரு கோஷ்டியிலிருந்தும் ஒவ்வொரு ஆளை ரகசியமாகப் பிடித்து, முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர் என்று தேர்தலன்று தானே வேட்பாளராக நின்றார்.

அவருக்கு விழுந்தது ஒரே ஓட்டு. அவர் போட்டதுதான். முன்மொழிந்தவரும் வழிமொழிந்தவரும் ஜெயிக்கிற பக்கம் பார்த்துப் போட்டுவிட்டார்கள். அரசியலை அவரிடம் கற்றவர்கள், வேறென்ன செய்வார்கள்? மாவட்டமே சிரித்தது. நான் இரண்டு நாள் சேர்த்துச் சிரித்தேன்.

அதற்கப்புறம் எந்தக் கட்சியும் அவரைச் சேர்க்கவில்லை. அடுத்த தேர்தலில் பஞ்சாயத்துத் தலைவர் பதவியும் போனது.

ரொம்ப நாள் கழித்து, ராயக்கோட்டை தக்காளி மண்டிக்கு எதிரே ஒரு கூட்டத்துக்கு மத்தியானமே குழாய் கட்டிக்கொண்டிருந்தேன். கரையில்லாத வேட்டியும் கையில் காலிப் பையுமாக பஸ்ஸிலிருந்து இறங்கினார் கூட்டுரோட்டார். மேடையைப் பார்த்ததும் நின்றுவிட்டார். போகவும் இல்லை, கிட்டே வரவும் இல்லை.

"அண்ணா, மைக்கைக் கொஞ்சம் டெஸ்ட் பண்ணிக் குடுங்க" என்று கூப்பிட்டேன்.

உடனே ஏறினார். தொண்டையைச் செருமினார். "பெரியோர்களே, தாய்மார்களே" என்றார். அதோடு நின்றது. மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"யாரைத் திட்றதுன்னே தெரியலியேப்பா."

அந்த முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை.

"என்னைத் திட்டுங்கண்ணா" என்றேன்.

கையை எடுத்தார். என் ஒயரில் தொடங்கினார். ஓட்டைக் குழாய், என் கடை, என் தலைமுடி என்று போனார். கழுத்து நரம்பு புடைத்தது. மண்டிக்காரர்கள் கூடைகளைப் போட்டுவிட்டு வந்து நின்று சிரித்தார்கள். அவர் குரல் ஏறிக்கொண்டே போனது.

நான் சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டி வைத்தேன்.